மணலில் கீறிய இரண்டு வட்டங்கள்

அந்த வருடம் மாரி மழை கார்த்திகையில் பிடித்து, தை பிறந்த பிறகும் விடவில்லை. வாவி கரையேறி எங்கள் ஊரின் மேற்குப் பக்க வளவுகளுக்குள் வந்து நின்றது. படுவான்கரைக்கு, அதாவது வாவிக்கு அப்பால் வயல்கள் கிடக்கும் கரைக்கு, தோணி போவது வாரத்துக்கு இரண்டு நாள் என்றாகிவிட்டது. என் தங்கச்சிக்கு எட்டு மாதம். முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டிருந்தது. இந்தப் பிள்ளையாவது உயிரோடு வந்து வீட்டில் தவழ வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். மிச்சத்தைச் சொல்லும்போது நான் என்னைக் கெட்டிக்காரனாகக் காட்டப் பார்ப்பேன், பழக்கதோஷம்.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்துநான்கு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, தபாலில் வரும் பாடங்களை வைத்து லண்டன் பரீட்சைக்கும் படித்துக்கொண்டிருந்தேன். எடுத்த பாடங்களில் ஒன்று அளவையியல். ஒருவர் சொல்லும் காரணத்திலிருந்து அவர் சொல்லும் முடிவு உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்கிற படிப்பு. எதிர்த்துப் பேசுவது எனக்குப் பிறவிக்குணம். அதற்கும் ஒரு பாடமும் பரீட்சையும் சான்றிதழும் இருக்கின்றன என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் அகப்பட்டவர்கள் வீட்டுக்காரர்கள். "நல்ல நெல்லெல்லாம் கையில கனக்கும். இது கனக்குது. அப்ப நல்ல நெல்லுதான்" என்பார் அம்மா. "நனைஞ்ச நெல்லும் கனக்குமேம்மா" என்பேன். அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எல்லாம், சில, ஒன்றுமில்லை என்ற மூன்று சொற்களையும் யாராவது வாய் தவறி இடம் மாற்றி வைக்கிறார்களா என்று நான் காவல் இருந்தேன். ஊரில் இந்தச் சொற்களைச் சரியாக வைத்துப் பேசியவர் ஒருவரும் இல்லை என்பது என் முடிவு. இந்த முடிவை நான் சோதித்துப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் கரும்பலகையில் எழுதினேன்: பேத்தை மீனெல்லாம் நஞ்சு, இது பேத்தை இல்லை, ஆகவே இதில் நஞ்சில்லை. சரியா, பிழையா? வகுப்பு முழுவதும் சரி என்று கத்தியது. வேறு மீனிலும் நஞ்சு இருக்கலாம், ஆகவே இந்த நியாயம் செல்லாது என்று விளங்கப்படுத்தினேன். பிறகு இன்னொன்றும் சொன்னேன். நியாயம் பிழைத்துப் போனதால் இந்த மீனில் நஞ்சு இருக்கிறது என்று ஆகாது. இல்லை என்றும் ஆகாது. பிழைத்தது நியாயம் மட்டும்தான், மீனைப் பற்றி நமக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. என் புத்தகத்தில் அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தேன். புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் திறப்பதில்லை.

வருத்தம் என்று நாங்கள் சொல்லும் நோய் படுவான்கரையில் இருந்து வந்தது. பெரியம்மையை எங்கள் பக்கத்தில் பெயர் சொல்லிச் சொல்வதில்லை, அம்மாள் என்போம். மார்கழி தொடக்கத்தில், எங்கள் ஊரில் முதல் வீட்டின் கடப்படியில், அதாவது வெளி வாசலில், வேப்பிலைக் கொத்துத் தொங்கியது. நாலு நாளில் இரண்டாவது வீடு. பிறகு மூன்றாவது. வேப்பிலை தொங்குகிற வீட்டுக்குள் வெளியார் யாரும் காலெடுத்து வைக்கமாட்டார்கள். அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. அம்மாளுக்குச் சூடு ஆகாது என்று பயந்து, மற்ற வீடுகளிலும் தாளிப்பதை நிறுத்திவிட்டார்கள். கடுகும் வெங்காயமும் பொரிகிற மணம் ஊரை விட்டே போய்விட்டது. மழைச் சத்தமும் ஈர வேப்பிலை வாடையும்தான் மிச்சம். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகள் இருந்த இடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். மூன்று வீட்டிலும் சேர்ந்து நான்கு பிள்ளைகள் செத்துப்போனார்கள். அவர்களில் இருவருக்கு நான்தான் 'அ' எழுதக் கையைப் பிடித்தேன்.

இந்த நிலையில்தான் ஊர்ச் சலவைக்காரியின் பேச்சு எழுந்தது. அவளுக்கு என் அம்மாவின் வயது இருக்கும். புருசன் இல்லை, பிள்ளைகள் இல்லை. முகம் முழுவதும் அம்மைத் தழும்பு. சின்ன வயதில் அம்மாள் கண்டு தப்பியவள். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தாலும், பெண் பெரியபிள்ளையானாலும், சாவு விழுந்தாலும் அந்த வீட்டுக்குச் சலவைக்காரி வெள்ளைச் சீலைகள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். துடக்கு என்கிற தீட்டுக் கழியும் வரை அந்த வீட்டார் அதைத்தான் உடுக்கலாம், விரிக்கலாம், பிணத்துக்குப் போர்க்கலாம். அதை மாற்று என்போம். முடிந்ததும் அவள் எடுத்துப்போய் வெளுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பாள். ஒரே வெள்ளைச் சீலை ஊரின் பிறப்பையும் இறப்பையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டு திரியும். யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை, அந்த மார்கழி வரை.

அம்மாள் கண்ட மூன்று வீட்டுக்கும் அவளுடைய மாற்றுப் போயிருந்தது. ஒரு வீட்டில் பெண் பெரியபிள்ளையானது, ஒரு வீட்டில் பிரசவம், ஒரு வீட்டில் கிழவர் ஒருவரின் சாவு. மூன்றுக்கும் பிறகுதான் வேப்பிலை தொங்கியது. இத்தனை வீட்டுச் சீலையைத் தொட்டும் அவளுக்கு ஒன்றும் வரவில்லை என்பது இன்னொரு குற்றம். அம்மாளைக் கட்டி வைத்து ஏவுகிறாள் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் மறுக்காமல் விட்டார்கள். மந்திரத்துக்கும் ஏவலுக்கும் எங்கள் பக்கம் பேர்போனது. படித்தவர்கள்கூடக் கடப்படியில் எலுமிச்சங்காய் கிடந்தால் சுற்றித்தான் போவார்கள்.

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலை, பூசைக்குப் பிறகு அம்மன் கோயில் முன் மணலில் ஊர் கூடியது. கோயில் காரியங்களையும் ஊர்க் கட்டுப்பாட்டையும் பார்க்கிறவர் வண்ணக்கர். நிதானமானவர், குரல் உயர்த்த மாட்டார். முறைக்கு எனக்கு மாமா. அவர் எழுந்து சொன்னார்:

"அம்மாள் கண்ட வீடு எல்லாத்துக்கும் அவட சீலை போயிருக்கு. அப்ப அவட சீலை போற வீட்டுக்கெல்லாம் அம்மாள் போவா. இனி ஒருத்தரும் அவளுக்கிட்டச் சீலை வாங்கப்படாது. அவள் ஊரை விட்டுக் கிளம்பட்டும்."

சலவைக்காரி தூரத்தில், மருதமரத்தடியில் நின்றாள். மழைக்குள் எங்கே போவாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வெள்ளத்தில் வயது போன பெண்ணை ஊரைவிட்டுத் துரத்துவது சாகச் சொல்வதற்குச் சமம். எனக்கு அது தெரிந்தது, ஆத்திரமும் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது என்பதை மறைக்கக் கூடாது. வண்ணக்கர் சொன்னது என் புத்தகத்தின் ஐந்தாம் பாடத்தில் இருந்த பிழை, அச்சுக் குலையாமல் அப்படியே. என் வாய் ஊறியது.

"மாமா, ஒரு கேள்வி" என்று எழுந்தேன். "வாவியில முதலையெல்லாம் தண்ணிக்குள்ளதான் கிடக்கு. அப்ப தண்ணிக்குள்ள கிடக்கிறதெல்லாம் முதலையா?"

யாரோ சிரித்தார்கள். நான் ஒரு கம்பை எடுத்து ஈர மணலில் பெரிய வட்டம் ஒன்று கீறினேன். "இது மாற்றுப் போன வீடெல்லாம்" என்றேன். அதற்குள்ளே சின்ன வட்டம் ஒன்று. "இது அம்மாள் கண்ட வீடு. மூணும் இதுக்குள்ள." மூன்று கல்லை உள்ளே வைத்தேன். "சின்ன வட்டம் முழுக்கப் பெரிய வட்டத்துக்குள்ள கிடக்கு, சரி. ஆனா பெரிய வட்டம் சின்ன வட்டத்துக்குள்ளயா கிடக்கு?" பிறகு நாலாவது கல். வாவிக் கரையில் இருந்த வீடு ஒன்றுக்கும் அதே மாதம் மாற்றுப் போயிருந்தது. அங்கே ஐந்து பிள்ளைகள், ஒருவருக்கும் ஒரு கொப்புளம் இல்லை. அந்தக் கல்லைச் சின்ன வட்டத்துக்கு வெளியே, இரண்டு கோட்டுக்கும் நடுவில் வைத்தேன். "எல்லா வீடும் எண்டு சொல்றவருக்கு இந்த ஒரு வீடு போதும், வாய மூட."

வண்ணக்கர் குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "சரி மருமகன். நான் சொன்னது பிழை. அப்ப சீலையில ஒண்டுமில்லையா?"

ஊர் முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. தெரியாது மாமா, விசாரிப்போம் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் சரியான விடை. வகுப்பில் அந்த விடைக்குத்தான் நான் புள்ளி போட்டேன். ஆனால் வெற்றி தலைக்கேறிய வாயிலிருந்து அந்தச் சொல் வராது.

"ஒண்டுமில்லை" என்றேன். அது போதாதென்று குனிந்து ஐந்தாவது கல் ஒன்றையும் எடுத்தேன். "எங்கட தங்கச்சிக்கு வாற மாசம் பிள்ளை. இவட மாற்றுத்தான் வரும். எங்கட வீடும் இஞ்சதான்." கரை வீட்டுக் கல்லுக்குப் பக்கத்தில், இரண்டு வட்டத்துக்கும் நடுவில், அதை வைத்தேன்.

கூட்டம் கலைந்தது. அவளைத் துரத்துவது நின்றது. அவள் மரத்தடியிலிருந்து வந்து வட்டங்களை மிதிக்காமல் சுற்றி நடந்து, எனக்குத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். வட்டங்களின் மேல் நாலு கம்பு நட்டு, மழை படாமல் தென்னோலைக் கிடுகு போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் பெரிய வட்டத்தின் கோட்டில் ஒரு எலுமிச்சங்காயும் கொஞ்சம் மஞ்சளும். விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் அம்மாளைக் கட்ட மந்திரச் சக்கரம் கீறியிருக்கிறேன் என்று ஊர் நினைத்துவிட்டது. மூன்று வீட்டையும் உள் வட்டத்துக்குள் வைத்துக் கட்டியாயிற்று. இனி வருத்தம் அந்தக் கோட்டைத் தாண்டாது. வாத்தியார் லண்டன் மந்திரம் படித்தவர் என்றும் ஒரு கதை. வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணன், அது சக்கரமில்லை எண்டு அவங்களுக்குச் சொல்லிப்போடுங்களன்" என்றாள். சொல்கிறேன் என்றேன். ஊரில் எதிரே வருகிறவர்கள் சால்வையை இறக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிடுவது எனக்குப் பிடித்திருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை புதிதாக எந்த வீட்டிலும் வேப்பிலை தொங்கவில்லை. ஆட்கள் மெல்லத் தாளிக்கத் தொடங்கினார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியாத ஒரு பயம். மருமகள் பிறந்தால் என்ன, மருமகன் பிறந்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கோயில் மணலும் அந்த ஐந்தாவது கல்லும் கண்ணுக்கு முன் வரும். வேறு கல்லை எடுத்திருக்கலாம், சும்மா விட்டிருக்கலாம் என்று தோன்றும். கல்லுக்கும் பிள்ளைக்கும் என்ன தொடர்பு என்று என்னையே அதட்டிக்கொள்வேன்.

தை முதல் கிழமையில் பிள்ளை பிறந்தது. பெண். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சேரும். "வீட்டுக்காரி வந்திட்டா" என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தார். பிள்ளை கறுப்பாக, முழு வளர்த்தியாக, ஊர் கேட்கக் கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தங்கச்சியின் புருசன், என் மச்சான், கிணற்றடியில் உட்கார்ந்து அழுதார்.

மத்தியானம் சலவைக்காரி மாற்றுக் கொண்டுவந்தாள். பின் கடப்படியில் நின்று, பனையோலைப் பெட்டியிலிருந்து ஒரு சீலையைத் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினாள். வெளுத்து வெளுத்துப் பஞ்சாகிப்போன பழைய வெள்ளை. பிறந்த உடம்புக்கு அதைவிட மெதுவான துணி கிடையாது.

"இது பிள்ளைக்கு வாத்தியார். என்னட்ட இருக்கிறதில நல்லது இதுதான். உங்கட வீட்டுக்கெண்டு வச்சிருந்தன்."

சீலையில் அடுப்புப் புகை மணத்தது. மழைக்காலத்துச் சீலையெல்லாம் அடுப்புக்கு மேலே காய்ந்து புகைதான் மணக்கும் என்று நினைத்தேன். நியாயம் தயாராக இருந்தது. தங்கச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பிள்ளையை அதில் சுற்றி, முகம் மட்டும் தெரிய என் பக்கம் காட்டினாள்.

பதினோராம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். எண்ணெய் தேய்த்த சூடு என்றார் அம்மா. பதின்மூன்றாம் நாள் காலை, நெற்றியில் கடுகளவு சிவப்பு. அம்மா வெளியே போய், கையெட்டுகிற கிளையிலிருந்து வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்தார். எங்கள் கடப்படியில் அதைக் கட்டியவன் நான். கட்டும்போது முடிச்சுச் சரியாக விழவில்லை, மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினேன். மட்டக்களப்பிலிருந்து அம்மைப்பால், அதாவது அம்மைக்குத் தடுப்பு மருந்து, வைக்கிறவர் தோணியில் வந்து சேர்ந்தபோது அவருக்கு எங்கள் வீட்டில் வேலை இருக்கவில்லை. தங்கச்சியின் கையில் சின்ன வயதில் வைத்த அம்மைப்பால் தழும்பு இருந்தது. அவளுக்கு ஒன்றும் வரவில்லை. பதினாறாம் நாள் பிள்ளை போய்விட்டது. கடைசி இரண்டு நாளும் அதற்குக் கத்தவும் சத்தம் இருக்கவில்லை.

தங்கச்சி என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு சொல்லாவது சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசித் தப்பியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

மூன்று நாள் கழித்துச் சலவைக்காரியின் குடிசைக்குப் போனேன். அதுதான் நல்ல வெயில் விழுந்த முதல் நாள். அவள் வெள்ளாவி வைத்துக்கொண்டிருந்தாள். பெரிய பானைக்கு மேல் சீலைகளை அடுக்கி ஆவியில் அவிக்கிற வேலை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். நான் அவளை நீ என்றுதான் பேசினேன். அந்தக் காலத்து வழக்கம் அது, வழக்கம் என்பதால் சரியாகிவிடாது.

"பிள்ளைக்குத் தந்த சீலை எங்க போயிட்டு வந்தது?"

அவள் ஒளிக்கவில்லை. கேட்டிருந்தால் மார்கழியிலேயே சொல்லியிருப்பாள். நான் உட்பட யாரும் அவளிடம் கேட்கவில்லை; அவளைப் பற்றித்தான் பேசினோம்.

படுவான்கரையில் ஒரு சாவுக்கு அவளை அழைத்திருந்தார்கள். காய்ச்சலில் செத்தவர் என்றுதான் சொன்னார்களாம். பிணத்துக்குப் போர்த்த சீலைகளோடு திரும்பி வந்தாள். மழையில் விறகெல்லாம் நனைந்து வெள்ளாவி வைக்க முடியவில்லை. பச்சைத் தண்ணீரில் அலசி, அடுப்புக்கு மேலே புகையில் காயவைத்தாள். அந்தக் கட்டுத்தான் மூன்று வீட்டுக்கும் போனது. கரை வீட்டுக்குப் போனது வேறு கட்டு, மழைக்கு முன்பே அவித்து வைத்தது. மூன்றாவது வீட்டில் வேப்பிலை கண்டதும் அவளுக்கே மனது பதறி, அந்தக் கட்டைத் தனியே ஒரு பெட்டியில் போட்டு, கூரைக்குள் செருகி வைத்துவிட்டாள்.

"மறுகா ஏன் எடுத்தாய்?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதானே வாத்தியார் சக்கரம் கீறிக் கட்டினீங்க. சீலையில ஒண்டுமில்லையெண்டு ஊருக்கு முன்னால சொன்னீங்க. உங்கட வீட்டுக் கல்லையும் வச்சீங்க. சக்கரக் கட்டுக்குள்ள வந்த சீலையெண்டுதான் நல்லதாப் பாத்து எடுத்தன்." சொல்லிக்கொண்டே வரும்போது அவளுக்கு விளங்கத் தொடங்கியது. தழும்பு விழுந்த அந்த முகம் மாறிய விதத்தை என்னால் எழுத முடியாது. கீழே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தக் கட்டு முழுவதையும் இரண்டு பேருமாக அவளுடைய வளவிலேயே எரித்தோம். அவள் சொன்னதை நான் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வண்ணக்கரின் முடிவுக்கு இந்த முறை சரியான காரணம் கிடைத்துவிடும். அவள் ஏவியதல்ல, அவள் தெரிந்து செய்ததல்ல என்று பிரித்துக் கேட்கிற பொறுமை அந்த நாட்களில் யாருக்கும் இல்லை. ஐந்தாவது வேப்பிலை எங்கள் ஊரில் தொங்கவில்லை. சக்கரம் பலித்தது, வாத்தியார் வீட்டைத்தான் பலி எடுத்தது என்று பேசிக்கொண்டார்கள். வண்ணக்கர் என்னைக் கண்டு தலையைக் குனிந்து கும்பிட்டார். அதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

சீலைகளை எரித்த கையோடு கோயிலுக்குப் போனேன். மணலில் யாரும் இல்லை. கிடுகைத் தூக்கிப் பார்த்தேன். அத்தனை மழைக்கும் கோடு அழியவில்லை. எலுமிச்சங்காய் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. சின்ன வட்டத்துக்குள் மூன்று கல், நடுவில் இரண்டு. காலால் அழித்துவிடத்தான் போனேன். ஆனால் குனிந்து, எங்கள் வீட்டுக் கல்லை எடுத்துச் சின்ன வட்டத்துக்குள் வைத்தேன். கரை வீட்டுக் கல் மட்டும் நடுவில் தனியாக நின்றது. எங்கள் வீடு போனாலும் அந்த ஒரு கல் போதும், எல்லா வீடும் என்று சொன்னவர் சொன்னது பிழை என்பதற்கு. நான் கீறிய படம் அப்போதும் சரியாகத்தான் இருந்தது.